அன்ட்ரொய்டுக்குப் பக்கத்தில் ஒரு லினக்ஸ்

ஃபோனில் நீளமாக எழுத ஏலாது எண்டு சொல்லுற ஆக்களில் நானும் ஒராள். வாட்ஸ்அப்பில் நாலு வரி பரவாயில்லை. ஒரு கட்டுரை எழுத வெளிக்கிட்டால் பெருவிரல் நோகும், திரையில் பாதியைக் கீபோர்டே பிடிச்சிடும். லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போறதும் எல்லா நாளும் சரிவராது. அதனால்தான் ஜெமினி எண்ட சாமான் கையில் கிடைச்சபோது எனக்கு அவ்வளவு புளுகம். லண்டனில் இருக்கிற மாமா பாவிச்சுப்போட்டுத் தந்தது.

பார்க்க மூக்குக்கண்ணாடிக் கூடு மாதிரி இருக்கும். நிறை ஏறக்குறைய 300 கிராம். திறந்தால் மேலே 5.99 அங்குலத் திரை, கீழே அமத்தி எழுதக்கூடிய உண்மையான விசைகள். பிளனெட் கொம்பியூட்டர்ஸ் எண்ட லண்டன் நிறுவனம் 2017இல் இண்டிகோகோவில் பணம் திரட்டி, 2018இல் வெளியிட்டது. இதை வடிவமைச்ச மார்ட்டின் ரிடிஃபோர்ட்தான் 1997இல் வந்த சயொன் சீரிஸ் 5 எண்ட கையடக்கக் கணினியையும் வடிவமைச்சவர். மேசையில் வைச்சுப் பத்து விரலாலும் எழுதலாம்.

ஆனால் எல்லா ஃபோனுக்கும் வாற விதி இதுக்கும் வந்தது. அன்ட்ரொய்ட் 7.1உடன் வந்து, 8.1உடன் நிண்டுவிட்டது. விசை தேயவில்லை, திரை உடையவில்லை, 4 ஜிபி ரம் அப்படியே இருக்கு. மென்பொருள்தான் கிழடாகிவிட்டது. நல்லா வேலை செய்யிற ஒரு பொருளை லாச்சிக்குள் போட மனம் வரவில்லை. செய்த நிறுவனமே லினக்ஸ் போடவும் வழி விட்டிருந்தது: அன்ட்ரொய்டை அழிக்காமல், பக்கத்திலேயே டெபியன்.

எப்படி ஒரே பெட்டிக்குள் ரெண்டு? 64 ஜிபி சேமிப்பு ஒரு காணி எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ. அதுக்குள் வேலி போட்டுப் பிரிக்க வேணும். எந்தத் துண்டு எங்க தொடங்குது, எவ்வளவு நீளம் எண்டு ஒரு எழுத்துக் கோப்பு சொல்லும். அதை ஸ்கற்றர் கோப்பு எண்டுவினம். காணி உறுதியில் நாலு பக்க எல்லை எழுதியிருக்கிற மாதிரித்தான். புது உறுதிப்படி பிரிச்சால் அன்ட்ரொய்டில் இருந்த படம், மெசேஜ் எல்லாம் போயிடும். ஆகவே எல்லாத்தையும் முதலே வேற இடத்தில் எடுத்து வைச்சேன்.

அதைவிட முக்கியம் என்விரம் எண்ட சின்னத் துண்டு. ஃபோனின் ஐஎம்இஐ இலக்கம் அங்கதான் இருக்கு. அது அழிஞ்சால் சிம் போட்டும் பிரயோசனம் இல்லாமல் போகலாம். அதைப் பிரதி எடுக்காமல் மிச்ச வேலையைத் தொடங்கவே கூடாது.

பிறகு எஸ்.பி. ஃப்ளாஷ் டூல். இது மீடியாடெக் சிப் உள்ள ஃபோன்களுக்குக் கணினியிலிருந்து நேரடியாக எழுதுற கருவி. ஜெமினியை நிப்பாட்டி, யூஎஸ்பி வயரைச் செருக வேணும். செருகின கொஞ்ச நேரத்துக்கு மட்டும் சிப் 'ஆரும் கூப்பிடுகினமோ' எண்டு காது குடுக்கும். அந்த இடைவெளிக்குள் கருவி பிடிச்சுக்கொள்ளும். எழுதுப்படுற நேரம் கரண்ட் போகக்கூடாது. 2022ஐக் கண்ட எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பற்றரி நிறைஞ்ச லப்டொப்பில்தான் செய்தேன்.

இப்ப சும்மா போட்டால் அன்ட்ரொய்ட் வரும். பக்கத்தில் இருக்கிற வெள்ளி நிறப் பொத்தானை அமத்திக்கொண்டு போட்டால் டெபியன். கோல் எடுக்க அன்ட்ரொய்ட், எழுத டெபியன்.

எனக்கு உண்மையில் பெறுமதியானது அதுக்குப் பிறகுதான் வந்தது. திரையில் தட்டுற தமிழ்ச் செயலிகள் கனக்க இருக்கு. ஆனால் அதில் பல உண்மையான விசைகளைக் கணக்கெடுக்காது. டெபியனில் எம்17என் எண்ட தொகுப்பைப் போட்டால் தமிழ்99, தட்டச்சு முறை, எங்கட ரெங்கநாதன் முறை எல்லாம் வரும். இலங்கையின் எஸ்எல்எஸ் 1326 தரத்தில் உள்ள அதே ரெங்கநாதன்தான். ஆரோ தன்னார்வலர் இதைச் சேர்த்து வைச்சதால், இந்த நாட்டில் விற்பனைக்கே வராத ஒரு சாமானில் எங்கட விசைப்பலகை வேலை செய்யுது.

இன்னொண்டு. அந்த முறைகள் எல்லாம் சாதாரண எழுத்துக் கோப்புகள். தட்டச்சு முறையில் புள்ளி இருக்கிற இடம் இந்தச் சின்னக் கீபோர்டில் எனக்கு வசதிப்படவில்லை. கோப்பைப் பிரதி எடுத்து, ஒரு வரியை மாத்தி, என்ர கோப்புறைக்குள் போட்டேன். புள்ளி இடம் மாறிவிட்டது. ஆரிட்டையும் கேக்கவில்லை, அடுத்த அப்டேட் வரும் எண்டு காத்திருக்கவுமில்லை.

இதைப் பெரிய விடுதலை எண்டு சொன்னால் அது பொய். இந்த டெபியனுக்கு அடியில் ஓடுறது அன்ட்ரொய்டுக்காகச் செய்த 3.18 கேர்ணல். அது 2014 டிசம்பரில் வந்த பதிப்பு. சிப்பின் ட்ரைவர்கள் மூடின பெட்டியாகத்தான் கிடைக்கும். அன்ட்ரொய்டுக்கு எண்டே செய்த அந்த ட்ரைவர்களை லினக்ஸ் செயலிகள் பாவிக்க லிப்ஹைப்ரிஸ் எண்ட மொழிபெயர்ப்பாளன் நடுவில் நிக்க வேணும். மேல்வீடு எங்கட விருப்பப்படி, அத்திவாரத்தில் கை வைக்க ஏலாது. போட்ட டெபியன் 9க்கும் 2022 ஜூனோடு ஆதரவு முடிஞ்சுது. அதனால் வங்கி வேலை, பாஸ்வேர்ட் ஒண்டும் இதில் இல்லை. எழுத மட்டும்.

அது எனக்குக் காணும். உங்கட லாச்சிக்குள்ளும் ஒரு பழைய ஃபோன் கிடந்தால், எறிய முதல் ரெண்டு விசயம் தேடிப் பாருங்கோ: அதின்ர பூட்லோடர் திறக்குமா, போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் பட்டியலில் அந்த மொடல் இருக்கா. ஒரு ஃபோனைப் பத்து வருசம் பாவிக்க வைக்கவேணும் எண்டுதான் அந்தத் திட்டம் 2017இல் தொடங்கினது. இருந்தால் ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கோ. ஆனால் முதல் வேலை, பிரதி எடுக்கிறது.