முதல் அட்டை எது?

'முதல்' என்னும் சொல்லுக்குத் தமிழில் தொடக்கம் என்றும் பொருள். வணிகன் இடும் மூலதனம் என்றும் பொருள். இவ்விரண்டு பொருளும் கையகல அட்டை ஒன்றிலே கூடிக் குடியிருக்கும் விந்தையை வட அமெரிக்க நாடுகளிற் காணலாம். அங்கே சிறுவரும் பெரியவரும், நாம் தபால்தலை சேர்ப்பது போல, விளையாட்டு வீரர்களின் படம் பொறித்த அட்டைகளைச் சேர்க்கின்றனர். ஒரு வீரனின் முதலாவது அட்டைக்கு 'ரூக்கி கார்ட்' என்று பெயர். புதுமுக அட்டை என நாம் அதனை அழைப்போம். மற்ற அட்டைகளுக்கு இல்லாத மதிப்பு பெரும்பாலும் அதற்கு உண்டு.

இவ்வட்டைகளின் பிறப்பு அப்படியொன்றும் பெருமைக்குரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், சிகரெட் பெட்டி நசுங்காதிருக்க உள்ளே ஓர் அட்டையைச் செருகினார்கள். வெறும் அட்டையாக இருப்பானேன் என்று நடிகையர் படத்தையும் ஆட்டக்காரர் படத்தையும் அதில் அச்சிட்டார்கள். பின்னர் புகையிலை இருந்த இடத்தைச் சூயிங்கம் பிடித்துக்கொண்டது. இப்போது சூயிங்கமும் பெரும்பாலும் போய்விட்டது, அட்டை நிற்கிறது.

முதல் அட்டை எதுவென்று அறிய ஆண்டைப் பார்த்தாற் போதாதா என வாசகர் வினவலாம். போதாது என்பதுதான் இதிலுள்ள வழக்கு. அவ்வழக்கு கிரானில் எமது வீட்டுத் திண்ணைக்கே வந்துவிட்டது.

கனடாவின் ஸ்காபரோவில் வாழும் எமது தமக்கையார் தம் மகனோடு சென்ற ஆண்டு ஆகஸ்ட் விடுமுறைக்கு வந்திருந்தார். மருமகனுக்குப் பதினாறு வயது. அயலார் வாசலிற் பனி வழித்துச் சேர்த்த நூற்றைம்பது டொலருக்கு அவன் வாங்கிய அட்டை ஒன்று, பிளாஸ்டிக் உறைக்குள் அவனுடன் கடல் கடந்து வந்திருந்தது. அது பனி ஹொக்கி வீரர் கோனர் மக்டேவிட்டின் அட்டை. புதுமுக அட்டை என்று சொல்லியே ஒருவர் அதனை விற்றிருக்கிறார். பள்ளித் தோழர்கள் பார்த்துவிட்டுச் சிரித்திருக்கிறார்கள். மக்டேவிட் எட்மன்டன் ஒயிலர்ஸ் அணிக்காகத் தேசிய ஹொக்கிச் சங்கத்தில் ஆடத் தொடங்கியது 2015இல். பையன் கையில் இருந்ததோ, அதற்கு முன்னர் ஈரி ஒட்டர்ஸ் என்ற இளையோர் அணியில் அவர் ஆடிய காலத்து அட்டை.

"மாமா, அவர்கள் சொல்லும் அட்டைக்கு இது முந்தியது. முந்தியதுதானே முதல்?" என்றான்.

கேள்வி நியாயமானதே. ஆனால் சேகரிப்போரின் வழக்கு வேறு. வீரன் உயர்ந்த சங்கத்தில் ஆட வந்திருக்க வேண்டும். அட்டை முறையான அனுமதியோடு, பொதுத் தொகுதியின் பகுதியாக வெளிவந்திருக்க வேண்டும். எந்தக் கடையிலும் எந்தச் சிறுவனும் உறை பிரித்து எடுக்கக் கூடியதாக இருக்கவேண்டும். கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனை எடுத்துக்கொள்வோம். அவர் சிக்காகோ புல்ஸ் அணியிற் சேர்ந்தது 1984இல். ஸ்டார் என்னும் நிறுவனம் அப்பருவத்திலேயே அவருக்கு அட்டை வெளியிட்டது. ஆனால் அது பைகளில் அடைத்த தொகுதியாக வணிகர் வழியே சென்றது. கடைக்குக் காசோடு ஓடிய பிள்ளைக்கு எட்டவில்லை. 1986இல் ஃபிளீர் நிறுவனம் 132 அட்டைகள் கொண்ட தொகுதியை உறைகளில் விற்றது. அதில் 57ஆம் இலக்கம் ஜோர்டன். ஆடத் தொடங்கி இரண்டு பருவங்கள் கழிந்தபின் வந்த அவ்வட்டையையே பெரும்பாலோர் புதுமுக அட்டையெனக் கொண்டாடுகின்றனர்!

பேஸ்போல் ஆட்டத்திலும் இக்குழப்பம் முற்றியது. பெரிய சங்கத்தை எட்டிப் பாராத பையன்களுக்கெல்லாம் அட்டை அச்சாயிற்று. ஆகவே 2006 முதல், பெரிய சங்க அணியில் இடம்பெற்றவனின் அட்டைக்கே புதுமுக முத்திரை என்று விதித்தார்கள். சந்தை அதற்கு முழுதும் அடங்கியதா? மைக் ட்ரவுட் பெரிய சங்கத்தில் ஆட வந்தது 2011இல். அவர் ஒப்பமிட்ட 2009ஆம் ஆண்டு அட்டை ஒன்று, உலகில் ஒன்றே ஒன்றுதான் என்பதால், 2020இல் 39 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. மிக்கி மான்டிலின் கதை இதற்கு நேரெதிர். அவருடைய புதுமுக அட்டை 1951இல் போமன் வெளியிட்டது. ஆனால் 2022இல் 1 கோடி 26 இலட்சம் டொலரைப் பெற்றது 1952இல் டொப்ஸ் வெளியிட்ட அட்டையே. முந்தியதற்கும் விலையுண்டு, பிந்தியதற்கும் விலையுண்டு. பெயர் மட்டும் ஒன்றுக்குத்தான்.

இதனைப் பையனுக்கு விளங்க வைத்தவர் நாமல்லோம். மாரியில் தோணி வேண்டியிருக்கும் கிரான் பாலத்தை, கோடையாதலால் சைக்கிளிலே கடந்து படுவான்கரையிலிருந்து வந்திருந்த கூத்து அண்ணாவியார் ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எமது பகுதியில் கூத்துப் பழகுவோர் முதலிற் சட்டம் வாங்குவர். அதாவது இன்னார்க்கு இன்ன பாத்திரம் என்று பாட்டு எழுதிய ஏடு கைக்கு வரும். ஆட்டம் பழகியபின் சதங்கை அணிவர். பின் அடுக்குப் பார்ப்பர். கடைசியில் விடிய விடியக் களரியில் அரங்கேற்றம்.

"சட்டம் வாங்கினவனெல்லாம் கூத்தனில்லை, மனே. ஊர் கூடியிருக்கக் களரி ஏறினவன்தான் கூத்தன். அதுக்காகச் சதங்கை கட்டின நாளைப் பெத்தவள் மறப்பாளா?" என்றார் அவர்.

நாம் முரளிதரனை நினைவூட்டினோம். கண்டி புனித அந்தோனியார் கல்லூரி மாணவராக அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் பல. எனினும் 1992 ஆகஸ்டில் கொழும்பில் அவுஸ்திரேலியருக்கு எதிராகத் தொடங்கி, 2010இல் காலியில் 800ஐத் தொட்ட அந்தக் கணக்கில் பள்ளிக்கூட விக்கெட் ஒன்றுகூடச் சேராது. கிரிக்கெட் பைத்தியமான எமது மகன் இதனைக் கேட்டுத் தலையசைத்தான், மருமகனும் அசைத்தான்.

ஆயினும் அவன் உள்ளத்தில் வேறொன்று இருந்தது. "நான் புதுமுக அட்டை என்றுதானே காசு கொடுத்தேன்? அதே பெயரில் இன்னொருவருக்கு விற்றால் என்ன, மாமா?" என்றான். எமது தமக்கையாருக்கும் போன பணம் வந்தாற் போதும் என்றிருந்தது. பனி வழித்த கை அன்றோ! அவ்வருத்தத்தை நாம் இலேசாக எண்ணவில்லை.

ஆனால் இவ்வணிகத்தில் காகிதத்துக்கு ஏது விலை? மையும் தாளும் எல்லா அட்டைக்கும் ஒன்றே. காணாத இருவர் நம்பிக் கைமாற்றிக்கொள்வது அந்தப் பெயரைத்தான். அடுத்து வாங்குபவனும் ஏதோ ஒரு வாசலிற் பனி வழித்தவனாகவே இருப்பான் என்று சொன்னோம். பையன் விவாதிக்கவில்லை, அட்டையைத் துடைத்து உறையில் இட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டான். தமக்கையார் அன்றிரவு எம்மோடு சரியாகப் பேசவில்லை.

கனடா திரும்பியபின் ஒரு படம் அனுப்பியிருந்தான். உறையின்மேல் சிறு சீட்டு ஒட்டி, 'இளையோர் அணிக் காலத்து அட்டை. புதுமுக அட்டை அன்று' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். அறுபது டொலருக்குக் கேட்டார்களாம்; கொடுக்கவில்லையாம்.