பெயர் வரிசை

2024 ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் என் தங்கை வீட்டில் தங்கியிருந்தேன். தங்கையின் மகள் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. ஓரிரவு இஷாத் தொழுகைக்குப் பின், "மாமா, இந்த ஒரு வரியால் வாப்பாவுக்கும் எனக்கும் மூன்று நாளாகப் பேச்சில்லை" என்று கணினியை என் முன் வைத்தாள்.

அந்நாட்டின் மருத்துவக் கல்லூரிகளிற் பெரும்பாலானவற்றுக்குப் பொது விண்ணப்பம் ஒன்று உண்டு. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் அதனை நடத்துகிறது. மாணவர் தாம் ஆற்றிய பணிகளைக் கூற அதில் 15 இடங்கள். ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்துகளே. சொற்களுக்கு இடையிலுள்ள வெற்றிடமும் எழுத்தாகவே எண்ணப்படும். மிக முக்கியமென அவர் கருதும் மூன்றுக்கு மட்டும் மேலும் 1325 எழுத்துகள். ஆய்வுக்கூடப் பணி ஒரு வகை. கருத்தரங்கில் அளித்தவை ஒரு வகை. வெளியான கட்டுரைகள் மற்றொரு வகை.

என் மருமகள் ஈராண்டு ஓர் ஆய்வுக்கூடத்தில் உழைத்தவள். தன் கல்லூரியின் ஆய்வு நாளில் சுவரொட்டியின் முன் நின்று தானே விளக்கியிருக்கிறாள். மாநாடொன்றில் வைத்த சுவரொட்டியில் அவள் பெயர் மூன்றாவது. நின்று விளக்கியவர் வேறொருவர். ஒரு கட்டுரை ஆய்விதழுக்கு அனுப்பப்பட்டிருந்தது, விடை வரவில்லை. அதனை 'வெளியானவை' என்னும் வகையில் எழுதிவிட வேண்டுமென்பது தந்தையின் கட்டளை. "எல்லாரும் எழுதுகிறார்கள் மச்சான். இவள் அடக்கம் பார்த்தால் இடம் போய்விடும்" என்றார்.

அடக்கத்தைப் பற்றி அவர் சொன்னதில் பிழையில்லை. தற்புகழ்ச்சி புலவனுக்குத் தகும் இடங்கள் சில உண்டென்று நன்னூலார் வகுத்திருக்கிறார். அரசவைக்கு ஓலை விடுக்குமிடம் ஒன்று. தன் ஆற்றலை அறியாதார் நடுவே நிற்குமிடம் மற்றொன்று. விண்ணப்பம் இவ்விரண்டுமே ஆகும். கூச்சத்தால் அவள் விட்டுவிட்ட மாநாட்டுச் சுவரொட்டியை எழுதச் சொன்னேன். நான்கு பெயர்களையும் அச்சான வரிசையிலேயே எழுது. விளக்கியவர் யாரென்பதையும் சொல் என்றேன்.

கட்டுரையின் நிலை வேறு. ஹதீஸ் கலையில் 'தத்லீஸ்' என்றொரு குறை பேசப்படும். தாம் சந்தித்த ஆசிரியரிடம் நேரில் கேளாத ஒன்றை, கேட்டதாகப் பிறர் எண்ணும்படியான சொல்லால் அறிவிப்பது அது. வெளிப்படையான பொய்யன்று, ஆயினும் அறிவிப்பாளரின் நம்பகத்தை அது அரித்துவிடும்.

இதனைச் சொல்லும்போது என் நா தடுமாறியது. 1995 இல் நான் முதல் வேலைக்கு எழுதிய விண்ணப்பத்தில், 'இன்ன உஸ்தாதிடம் ஸஹீஹுல் புகாரி ஓதினேன்' என்று எழுதியிருந்தேன். டைபாய்டு காய்ச்சலால் இரு மாதங்கள் வீட்டில் கிடந்து நான் இழந்த பாடங்கள் பல. 'முழுவதும்' என்று நான் எழுதவில்லை. படித்தவர்கள் அப்படியே எண்ணினார்கள். வேலை கிடைத்தது. அந்தப் பகுதிகளை மாணவர்க்கு ஓதிக்கொடுக்கும் நாளெல்லாம் அந்த ஓலை என் கண்முன் வரும். மனைவிக்கும் சொல்லாத இதனை அன்று மச்சானின் முன்னிலையிலேயே மருமகளிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார்.

மறுநாள் காலை, ஆய்வுக்கூடப் பணியைக் கூறும் இடத்திலேயே, 'கட்டுரை அனுப்பப்பட்டுள்ளது. முடிவு வரவில்லை' என்று அவள் எழுதினாள். தந்தை பக்கத்தில் அமர்ந்து எழுத்துகளை எண்ணிக்கொடுத்தார்.

அக்கட்டுரையை ஆய்விதழ் அவ்வாண்டு செப்டம்பரில் திருப்பி அனுப்பிவிட்டது. நேர்காணலில் கேட்டபோது அதனையும், திருப்பியதற்கான காரணத்தையும் அவளே விளக்கினாளாம். சில கல்லூரிகள் மறுத்தன, ஒன்று இடமளித்தது. மறுத்தவற்றின் காரணம் இந்த வரிதானா என்பது இறைவனுக்கே வெளிச்சம்.

பின்னர் வேறோர் ஆய்விதழில் கட்டுரை வெளிவந்தது. சோதனைகளை மீண்டும் செய்த ஒரு மாணவரின் பெயர் சேர்ந்ததால், அவள் பெயர் நான்காவதாகியிருந்தது. அதன் படியொன்றை எனக்கு அனுப்பியிருந்தாள். என் உஸ்தாது தந்த இஜாஸாவை வைத்திருக்கும் உறையிலேயே அதனையும் வைத்திருக்கிறேன்.