தொடாத விரல்கள்

லீட்ஸ் நகரில் படிக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தேன். அங்குள்ள ஓவியக்கூடத்தில், விக்டோரியா காலத்து ஓவியர் ஃபிரெடெரிக் லெய்ட்டன் 1891-இல் வரைந்த ‘பெர்செஃபனியின் வருகை’ முன் என்னை நிறுத்தினாள்.

கிரேக்கப் புராணக் கதை அது. பாதாள அரசன் தூக்கிச்சென்ற மகளை, தேவர்களின் தூதன் ஹெர்மிஸ் மேலே கொண்டுவருகிறான். குகை வாசலில் தாய் டிமீட்டர் இரு கைகளையும் விரித்து நிற்கிறாள். மகளும் கை நீட்டுகிறாள். விரல்கள் இன்னும் தொடவில்லை.

“அங்கே மாதுளை முத்துகளைத் தின்னுட்டாம்மா. அதனால வருஷத்துல சில மாசம் திரும்பிப் போகணும். அதுதான் குளிர்காலம்” என்றவள், சற்றுத் தயங்கி, “எனக்கு இங்கேயே வேலை கிடைச்சிருக்கும்மா” என்றாள்.

மறுபடி அந்தத் தாயைப் பார்த்தேன். மகள் திரும்பிப் போகிறவள்தான். இருந்தும் அவள் கைகள் விரிந்தே இருந்தன.

“தீபாவளிக்கு வந்துடு” என்றேன்.