உம்மாவின் தையல் மேசை

'ஆள் பாதி, ஆடை பாதி' என்று சொல்வார்கள். அந்த ஆடைப் பாதிக்குள் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது என்பதை நாம் அதிகம் யோசிப்பதில்லை. நோன்புப் பெருநாள் காலையில் புது உடுப்பு உடுத்து, மணம் பூசி, தொழுகைக்குப் புறப்படுகிறோம். அதைத் தைத்த கை நேற்றிரவு எத்தனை மணிக்கு ஓய்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. வீட்டில் தைக்கும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு மட்டும் அது கேட்காமலே தெரியும். நானும் அப்படிப்பட்ட ஒரு பிள்ளை.

எங்கள் ஊர் மருதமுனை. கைத்தறிச் சாரத்துக்கும் சாரிக்கும் பெயர்போன ஊர். உம்மம்மா தறிச் சத்தத்தில் வளர்ந்தவர். உம்மா தறியை விட்டுத் தையல் மெஷினுக்கு வந்தவர். வாப்பா மேசன் வேலை செய்கிறார். மாரி மழை தொடங்கினால் அவருக்கு வேலை குறைந்துவிடும். அந்த மாதங்களில் எங்கள் அடுப்பு எரிவது பெரும்பாலும் உம்மாவின் தையல் கூலியில்தான்.

உம்மாவின் முதல் மெஷினை 2004 டிசம்பர் 26 அன்று கடல் கொண்டு போய்விட்டது. இப்போது இருப்பது பிறகு பழையதாக வாங்கிய கறுப்பு மிதி மெஷின். மோட்டர் கிடையாது, காலால்தான் ஓட்ட வேண்டும். "இது கிழட்டு மெஷின், ஒன்று மாற்றக் கூடாதா?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள். 2022 இல் நாடு பொருளாதார நெருக்கடியில் மூழ்கி, மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது அந்தக் கிழட்டு மெஷின் மட்டும் நிற்கவில்லை. ஏப்ரல் தொடக்கத்திலேயே நோன்பும் வந்தது. மெழுகுதிரி வெளிச்சத்தில் உம்மா பெருநாள் உடுப்புத் தைத்தார்.

அந்த இருட்டில்தான் ஒரு விசயம் எங்களுக்குப் புரிந்தது. மெஷின் ஓடுவது கஷ்டமில்லை, சாமான் தேடுவதுதான் கஷ்டம். கத்தரிக்கோல் துணிக்கு அடியில் இருக்கும். பொபின் கட்டிலுக்குக் கீழே உருண்டிருக்கும். அளவு நாடா தம்பியின் கழுத்தில் தொங்கும். அப்போது உம்மா சொன்னார்: "மகள், கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் சாமான் கையில் வரவேணும். அப்படி வைத்தால்தான் அது வைத்த இடம். இல்லாட்டி அது போட்ட இடம்."

மின்சாரம் திரும்பி வந்ததும் மேசையும் பழைய கோலத்துக்குத் திரும்பிவிட்டது. நான் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு படிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த வார்த்தை மறுபடியும் நினைவுக்கு வந்தது. பொருளியலில் 'அமையச் செலவு' என்று ஒன்று படிக்கிறோம். ஒன்றைத் தெரிவு செய்யும்போது நாம் இழக்கும் அடுத்த சிறந்த வாய்ப்புத்தான் அது. அதைப் படித்த கிழமை, உம்மா ஓர் அபாயா தைக்கும்போது நான் பக்கத்தில் மணிக்கூட்டோடு இருந்தேன். வெட்டுவதிலிருந்து முடிப்பது வரை 3 மணித்தியாலம் 10 நிமிடம் ஆனது. அதில் 38 நிமிடம் தேடுவதற்கே போயிருந்தது. பெருநாளுக்கு 20 உடுப்பு என்றால் 760 நிமிடம், அதாவது 12 மணித்தியாலத்துக்கும் மேல். அந்த நேரத்தின் அமையச் செலவு எங்கள் வீட்டில் உம்மாவின் நித்திரை.

அதன் பிறகு நானும் உம்மாவும் மேசையைத் திருத்தத் தொடங்கினோம். கடையில் விற்கும் அழகான பெட்டிகள் எதுவும் வாங்கவில்லை. வீட்டில் கிடந்ததை வைத்தே செய்தோம். அவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நூல். வாப்பா ஒரு பலகைத் துண்டில் ஆணிகளைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து அடித்துத் தந்தார். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு நூல்கட்டை, அதன் முன்னால் அதே நூல் சுற்றிய பொபின். மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றாகவே இருப்பதால் நிறம் பார்த்துப் பொருத்தும் வேலை இல்லை. மேல் வரிசை வெள்ளை, கீழ் வரிசை கறுப்பு. இரவில் கறுப்பும் கடும் நீலமும் ஒன்றுபோலத் தெரியும். ஆகவே கடும் நீலக் கட்டைகளுக்கு மட்டும் ஒரு றப்பர் வளையம் போட்டிருக்கிறோம். விரல் பட்டாலே தெரிந்துவிடும். அதிகம் போகும் வெள்ளை, கறுப்பு நூல்களில் காலையிலேயே இரண்டிரண்டு பொபின் சுற்றி வைத்துவிடுவோம். நடுத் தையலில் பொபின் தீர்ந்தால் வேகமும் போகும், பொறுமையும் போகும்.

அடுத்தது ஊசி. மெஷின் ஊசிப் பெட்டியில் 90/14 என்பதுபோல இரண்டு எண்கள் இருக்கும். அதில் 90 என்பது ஊசியின் தடிப்பு 0.9 மில்லிமீற்றர் என்பதைக் குறிக்கிறது. 14 என்பது அதே தடிப்புக்கு வேறொரு முறையில் உள்ள எண். எண் கூடக் கூட ஊசி தடிப்பாகும். ஷிபோன் போன்ற மெல்லிய துணிக்கு 65/9 அல்லது 70/10, சீருடைத் துணிக்கு 80/12 அல்லது 90/14, டெனிமுக்கு 100/16 என்று உம்மா பாவிக்கிறார். பெட்டியை விட்டு எடுத்த பாதி பாவித்த ஊசிகளில் எது எது என்று அறிவதுதான் சிக்கல், ஏனென்றால் ஊசியில் உள்ள எண் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. அதனால் தடித்த துணித் துண்டொன்றை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் எண்ணைப் பெரிதாகத் தைத்துவிட்டோம். கழற்றும் ஊசி அதனதன் பகுதிக்கே போகும். தைக்கும்போது 'டக் டக்' என்று சத்தம் வந்தாலோ, தையல் விட்டு விட்டு விழுந்தாலோ, ஊசி மழுங்கிவிட்டது என்று அர்த்தம். அதோடு மல்லுக்கட்டுவதை விடப் புது ஊசி போடுவது இலாபம்.

கையூசிக்குக் காது அடியில் இருக்கும், மெஷின் ஊசிக்கோ நுனியில் இருக்கும். 1846 இல் எலியாஸ் ஹோவ் என்ற அமெரிக்கர் உரிமம் பெற்ற மெஷினிலும் நுனியில் காதுள்ள ஊசிதான் இருந்தது. இந்த ஊசியின் ஒரு பக்கத்தில் நீளமான பள்ளம் ஓடும். அந்தப் பக்கத்திலிருந்துதான் நூலைக் கோர்க்க வேண்டும். நூல் நுனியைச் சரிவாக வெட்டி, ஊசிக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கடதாசித் துண்டைப் பிடித்தால் காது தெளிவாகத் தெரியும்.

இப்போது உம்மாவுக்கு அதுவும் போதவில்லை. நாற்பது தாண்டிய கண். ஊசியைத் தூரப் பிடித்துப் பார்ப்பார், கிட்டப் பிடித்துப் பார்ப்பார், பிறகு ஒன்றும் சொல்லாமல் தம்பியைக் கூப்பிடுவார். அதனால் நான் பாடசாலைக்குப் போக முன்னர் பத்துக் கையூசிகளில் நூல் கோர்த்து வைக்கிறேன். வெள்ளை நான்கு, கறுப்பு நான்கு, மற்ற நிறம் இரண்டு. நூலின் நீளம் என் கை நீளத்துக்கு மேல் போகாது, நீண்டால் சிக்கும். நூல் சுற்றிப் பின்னாமல் இருக்க ஊசிகளை ஒரு துணிப் பட்டியில் இடைவெளி விட்டுக் குத்தி வைப்பேன். எனக்கு இது ஐந்து நிமிட வேலை. உம்மாவுக்கோ அன்று முழுவதும் யாரையும் கூப்பிடத் தேவையில்லை. நான் செய்தவற்றுள் உம்மா வாய்விட்டுப் பாராட்டியது இதை மட்டும்தான்.

குண்டூசிக்கு ஒரு பழைய ஸ்பீக்கரின் காந்தம். அதை ஒரு சொக்ஸுக்குள் போட்டு மேசையில் வைத்திருக்கிறோம். எடுக்கும் குண்டூசியை அதன் பக்கம் போட்டால் போதும், ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் அதையே நிலத்தில் ஓட்டினால் சிதறிய ஊசிகளும் வந்துவிடும். வெறுங்காலோடு ஓடும் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது மிக முக்கியம்.

குளித்துத் தேய்ந்த வெள்ளைச் சவர்க்காரத் துண்டை எறிய வேண்டாம். கறுப்புத் துணியில் கோடு போட அதைவிட நல்ல சோக் இல்லை, ஒரு கழுவலில் போய்விடும். இன்னொரு துண்டைத் துணியில் சுற்றினால் ஊசி குத்தும் மெத்தையாகும். அதில் குத்தி எடுத்த ஊசி தடித்த துணியிலும் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

துணிக் கத்தரிக்கோலின் பிடியில் சிவப்பு நாடா கட்டியிருக்கிறோம். சிவப்பு நாடா கட்டியதால் கடதாசி வெட்டக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். பழைய கலண்டர் தாள்களில் வெட்டிய மாதிரிகளில் பெயர், வயது, திகதி எழுதி, துளையிட்டு, ஒரே கொழுவியில் தொங்கவிட்டிருக்கிறோம். மெஷினுக்குத் தேங்காயெண்ணெய் போடக் கூடாது, அது பிசினாகி இறுகிவிடும். மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, ஒரு கழிவுத் துணியில் ஓட்டிய பிறகே நல்ல துணியை வைக்க வேண்டும். பொபின் கூட்டில் சேரும் பஞ்சை எடுக்கப் பழைய பல் துலக்கும் பிரஷ் போதும்.

துணி வாங்கும் தாய்மாருக்கும் ஒரு சொல். தைப்பவர் 'மூன்று யார்' என்று சொன்னால், கடையில் 3 மீற்றர் வாங்குகிறோம். 3 யார் என்பது 108 அங்குலம், 3 மீற்றர் என்பது 118 அங்குலம். அந்தப் பத்து அங்குலத்தில் ஒரு சின்னப் பிள்ளைக்குத் தொப்பி தைக்கலாம். மீதித் துண்டைக் கேட்டு வாங்குங்கள், வீண்விரயம் வேண்டாம்.

கடைசியாக வந்தது கொப்பி. அது மேசை ஒழுங்கை விடப் பெரிய வேலையைச் செய்தது. ஒவ்வொருவரின் துணியையும் தனிப் பையில் போட்டு, அளவுச் சீட்டைக் குத்தி, கொடுக்க வேண்டிய திகதி வரிசையில் தொங்கவிட்டோம். கொப்பியில் திகதி, பெயர், வேலை, கூலி, தந்தது, மீதி என்று ஆறு நிரல்கள் போட்டேன். மூன்று மாதத்தில் 'மீதி' நிரலைக் கூட்டினேன். 11,350 ரூபா. உம்மா அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எல்லாம் தெரிஞ்ச ஆக்கள்தானே மகள், எப்படிக் கேட்கிறது?" என்றார். நூல், ஊசி, பொத்தான் செலவைக் கழித்துப் பார்த்தபோது, சில சட்டைகளுக்கு உம்மாவின் நான்கு மணித்தியாலத்துக்கு 150 ரூபாகூட மிஞ்சவில்லை. 2022 இல் நூலின் விலை கூடியது. உம்மாவின் கூலி மட்டும் கூடவில்லை.

கொப்பி வந்த பிறகு உம்மாவுக்குக் கேட்பது கொஞ்சம் இலகுவாயிற்று. வாய் கூசும் இடத்தில் கொப்பியைத் திறந்து காட்டலாம். சிலர் அன்றே தந்தார்கள். "மறந்தே போயிற்று புள்ள" என்று ஒரு மாமி வெட்கப்பட்டார். ஒருவர் கோபித்துக்கொண்டு வேறிடத்தில் தைக்கக் கொடுத்தார். உம்மாவுக்கு அது வலித்தது. ஆனால் கூலியைக் குறைக்கவில்லை. இயலாத ஒரு வீட்டின் சீருடைகளுக்கு மட்டும் கூலி நிரலில் என்னைக் கோடு போடச் சொன்னார். அது கடனில்லை, உம்மா மனமறிந்து கொடுப்பது.

பாடசாலைப் படிவங்களில் 'தாயின் தொழில்' என்று ஒரு கட்டம் இருக்கும். எங்கள் வீட்டில் அதற்கு எப்போதும் 'இல்லை' என்றே எழுதுவோம். உம்மாவே அப்படித்தான் சொல்லித் தருவார். இந்த வருடப் படிவத்தை நிரப்பும்போது நான் உம்மாவிடம் கேட்காமல் 'தையல்' என்று எழுதினேன். ஒப்பம் வைக்க எடுத்தவர் அதை வாசித்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒப்பத்தை வைத்துவிட்டு மெஷினுக்குப் போனார்.

நபி (ஸல்) அவர்கள் தமது கிழிந்த ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள் என்று நாம் படித்திருக்கிறோம். ஊசி பிடிப்பது சிறிய வேலையல்ல. சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு தையல் மேசை இருந்தால், இந்தக் கிழமை ஒரு நாள் அதன் பக்கத்தில் அரை மணித்தியாலம் இருந்து பாருங்கள். உம்மாவின் கை எதைத் தேடுகிறது என்று கவனியுங்கள். அந்த ஒரு சாமானுக்கு ஓர் இடம் செய்து கொடுங்கள். மற்றவை மெதுவாக வரும். நம் தாய்மாரின் கண்களுக்கு ஒளியையும் கைகளுக்குப் பலத்தையும் அல்லாஹ் நீடிக்கச் செய்வானாக.