டார்ச் பிடிக்க ஓர் ஆள்

சுரைப் பூ சாயங்காலம்தான் மலரும். வெயில் தாழ்ந்ததும் வெள்ளை வெளேரென்று விரிந்து, மறுநாள் வெயில் ஏறுவதற்குள் வாடிவிடும். இரவில் அந்துப்பூச்சி வந்து மகரந்தம் சேர்த்தால் காய். வராவிட்டால் பூவுக்குப் பின்னால் இருக்கும் கட்டைவிரல் அளவுப் பிஞ்சு மஞ்சளாகிச் சூம்பி விழும். முதல் வருஷம் எங்கள் கொல்லையில் எல்லாமே அப்படித்தான் விழுந்தன. பிறகு கையாலேயே சேர்க்கப் பழகினேன். நீளக் காம்பில் நிற்கும் ஆண் பூவைப் பறித்து, இதழ்களைப் பிய்த்துவிட்டு, நடுவில் உள்ள மகரந்தத்தைப் பெண் பூவின் உள்ளே மெல்லத் தடவ வேண்டும். ஒரு கை கொடியை விலக்க, மறு கை தடவ. டார்ச் பிடிக்க மூன்றாவது கை இல்லை. அதற்காகத்தான் அத்தையைக் கூப்பிட்டேன். பாசத்தினால் அல்ல.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். கல்யாணமாகி வந்து ஏழு வருஷம், மாமியாரான அத்தையும் நானும் ஒரே அடுப்படியில் நின்றோம். உப்பு போட்டாச்சா, பால் வந்தாச்சா என்பதற்கு மேல் பேச்சு போனதில்லை. சண்டை என்றும் சொல்ல முடியாது. சண்டையாவது ஒரு நாள் முடியும்.

பந்தலடியில் முதல் வாரம் பூவைப் பற்றித்தான் பேசினார். "இது ஆம்பளப் பூம்மா, பின்னால பிஞ்சு இல்ல பாரு." எனக்குத் தெரிந்ததுதான், கேட்டுக்கொண்டேன். பிறகு ஒரு நாள், வெளிச்சத்தைப் பூவிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "நான் வந்த புதுசுல களைன்னு நெனச்சு பூசணிக் கன்னப் புடுங்கிட்டேன். எங்க மாமியா மூணு நாள் எனக்குச் சோறு போடல." மகரந்தம் எப்போதோ ஒட்டியாகிவிட்டது. நான் தடவிக்கொண்டே இருந்தேன். இதையே கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து சொல்லியிருந்தால், நான் ஏதாவது குத்தலாகப் பதில் சொல்லியிருப்பேன். சொல்லியிருக்கவே மாட்டார் என்பதுதான் நிஜம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாத இரண்டு பேர், சேர்ந்து ஒரு பூவைப் பார்க்கலாம்.

தோட்டம் பொறுமையைக் கற்றுத் தரும் என்பார்கள். எனக்குத் தரவில்லை. காபி ஆறும் வரைகூடப் பொறுக்காதவள்தான் இன்றும். அவரையில் அசுவினி ஏறியபோது லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் போதும் என்று தெரிந்தும் 15 மில்லி ஊற்றி, சோப்புக் கரைசல் கலந்து, காலை 11 மணி வெயிலில் அடித்தேன். சாயங்காலத்துக்குள் இலையெல்லாம் பொசுங்கிப் போயிற்று. அத்தை வந்து பார்த்தார். கருகிய இலைகளை மட்டும் கிள்ளிப் போட்டார். "வெயில் தாழ அடிச்சிருந்தா தாங்கியிருக்கும்" என்றார். அவ்வளவுதான். மறுநாள் விடியற்காலை, இலையில் ஈரம் காயுமுன் அடுப்புச் சாம்பலைத் தூவிக்கொண்டிருந்தார். மகன் கணக்கில் விட்ட ஒரு தப்பை இரண்டு நாள் சொல்லிக் காட்டுகிறவள் நான். அந்த ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ள எனக்கு இன்னும் வரவில்லை.

ஒத்துப்போகாத விஷயமும் உண்டு. சுரைக்கொடி பத்துப் பன்னிரண்டு இலை விட்டதும் நுனியைக் கிள்ளுவேன். பக்கக் கிளைகளில்தான் பெண் பூ அதிகம் வரும். அத்தைக்கு அது ஆகாது. "வளர்ற கொடியோட தலையக் கிள்ளுவாளா ஒருத்தி?" கடைசியில் இரண்டு கொடியில் ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். என் கொடிதான் முந்திக் காய்த்தது. "அது எரு விழுந்த எடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போகட்டும், காய் ஒரே குழம்பில்தான் வெந்தது.

ஓர் அவரையை மறக்கவே முடியாது. என் அம்மா கொடுத்தனுப்பிய விதை அது, ஊதா விளிம்புக் காய். ஆடியில் போட்டேன். ஐப்பசியில் பந்தல் முழுக்க இலை, ஒரு பூ இல்லை. பிறந்த வீட்டு விதை மானத்தை வாங்குகிறதே என்று அரிவாளோடு போனேன். அத்தை தடுத்தார். "பனி எறங்கட்டும்மா." குத்துச்செடி அவரை எந்தப் பட்டத்திலும் காய்க்கும், பந்தல் அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். அவருக்கு அந்தக் காரணமெல்லாம் தெரியாது, மாதம் தெரியும். கார்த்திகையில் பூத்தது. தையில் தெருவுக்கே கொடுத்தோம்.

விதைக்கு விட்ட நெற்றுகளை அத்தைதான் உடைத்துக் காயவைத்தார். சாம்பல் புரட்டி, தன் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடினார். தாளில் எழுதி ஒட்டச் சொன்னார். என்னவென்று எழுத என்று கேட்டேன்.

"சம்பந்தி வீட்டு அவரைன்னு எழுது."

எழுதி ஒட்டினேன்.