சாளைக்கு வராத உள்ளூர் சேனல்

சான் ஏஞ்சலோ, டெக்சாஸ்.

பெருந்துறைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துச் சாளைக் கூரைமேல் ஒரு டிஷ் இருக்கிறது. அதில் போஜ்புரிப் பாட்டு வருகிறது, ஒடியாச் செய்தி வருகிறது, விதவிதமான சாமியார்கள் வருகிறார்கள். ஐப்பசி கார்த்திகையானால் சென்னை வேளச்சேரியில் முழங்கால் தண்ணீர் நிற்பதை விடிய விடியக் காட்டுகிறார்கள். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டாச்சா இல்லையா என்பது மட்டும் அதில் வராது. அதற்கு அப்பா என்னைக் கூப்பிடுகிறார்.

"அம்மிணி, வாய்க்கால்ல தண்ணி உட்டுட்டாங்களான்னு உன்ற போன்ல பாத்துச் சொல்லு."

அவருக்குக் காலை, எனக்கு ராத்திரி. வாய்க்கால் கரை அவர் வீட்டு வாசலிலிருந்து நடந்து போகிற தூரம். அவருக்காக நான் டெக்சாஸில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருக்கிறேன். "ஆமாங்கப்பா, மதகு தெறந்துட்டாங்களாமா" என்று சொல்கிறபோது எனக்கே சிரிப்பு வருகிறது. ஆகஸ்ட் 15 வாக்கில் நடக்கிற இந்த விவகாரத்தை நம்பி, 2,07,000 ஏக்கர் பாசனத்தில் பாதி காத்திருக்கிறது. இதைச் சொல்ல அந்த டிஷ்ஷில் ஒரு சேனல் இல்லை.

ஊருக்குள் இருக்கும் அத்தை வீட்டில் இந்தக் குறை கிடையாது. அங்கே கேபிள். கேபிளில் உள்ளூர் சேனல் உண்டு. அதை உயர்ந்த கலை என்று நான் சொல்லப் போவதில்லை. நகைக்கடை விளம்பரம், ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி, கட்சிக்காரர் பிறந்தநாள், நடுவில் ஒரு பழைய படம். படத்துக்குப் பணம் கட்டினார்களா என்று நாம் கேட்கக் கூடாது. ஆனால் திரைக்கு அடியில் ஓடுகிற எழுத்தில் ஊர் இருக்கிறது. நாளைக் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை எந்தெந்த ஊருக்கு மின்தடை, கூட்டுறவு விற்பனைச் சங்க ஏலத்தில் தேங்காய்ப் பருப்பு என்ன விலைக்குப் போனது, எந்த வார்டுக்கு என்றைக்குத் தண்ணீர். தைப்பூசத்துக்குச் சென்னிமலைத் தேர் நேரலை. யாராவது தவறிப்போனால் பாஸ்போர்ட் போட்டோவைப் பெரிதாக்கி, கணினியில் ஒரு மாலை போட்டு, "காலமானார்" என்பதற்கு ஒரு கால் குறைத்து எழுதி, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று போட்டுவிடுவார்கள்.

சிரிக்க வேண்டாம். எங்கள் பக்கம் கல்யாணத்துக்குப் போகாவிட்டால் மன்னிப்பு உண்டு. எழவுக்குப் போகாவிட்டால் கிடையாது. பருப்பு ஏலத்தில் அப்பாவுடன் பல வருடம் பக்கத்தில் நின்றவர் ஒருவர் தவறியது அப்பாவுக்குத் தெரிய ஒரு வாரம் ஆயிற்று. சேனலில் இரண்டு நாள் ஓடியதாம். அத்தை பார்த்திருக்கிறாள், அண்ணனுக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டாள்.

சாளைக்கு ஏன் கேபிள் வரவில்லை? கொங்கு நாட்டு வீடுகள் இருக்கும் விதம் அப்படி. தஞ்சாவூர்ப் பக்கம்போல எல்லோரும் தெருவில் சேர்ந்து குடியிருந்து காட்டுக்குப் போய்வருவதில்லை. அவரவர் தோட்டத்துக்கு நடுவில் அவரவர் சாளை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் கிணறு, தென்னந்தோப்பு, மஞ்சக்காடு. கேபிள்காரர் கணக்கு எளிமையானது. தெருவில் நூறு மீட்டர் கம்பி இழுத்தால் இருபது இணைப்பு. எங்கள் பக்கம் இழுத்தால் ஒன்று. வழியில் சிக்னல் தேய்ந்துபோகும், பெருக்கி வைக்க வேண்டும், அதற்குக் கரண்டு வேண்டும். அரசு கேபிள் நிறுவனம் 2007இல் தொடங்கி, 2011இல் புது உயிர் பெற்று மாதம் 70 ரூபாய்க்குக் கொடுத்தபோது ஊரே மகிழ்ந்தது. அந்த 70 ரூபாயும் கம்பி போகிற இடம் வரைக்கும்தான். கம்பி நின்ற இடத்திலிருந்து டிஷ் தொடங்கியது. ஆகவே தண்ணீர் விடும் தேதியும் பருப்பு விலையும் யாருக்கு அதிகம் வேண்டுமோ, அவர்கள் வீட்டில்தான் உள்ளூர் சேனல் இல்லை.

நான் இருக்கும் ஊரும் கிட்டத்தட்ட இதே தினுசு. சான் ஏஞ்சலோ ஆட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். கன்னிவாடிச் சந்தைக்குப் போய்வந்தவர்களுக்கு இங்கே அந்நியமாக ஒன்றும் தெரியாது, தொப்பியைத் தவிர. தெற்கே பண்ணை வைத்திருக்கும் எங்கள் நண்பர் வீட்டுக் கூரையில் இரண்டு சாமான்கள் நிற்கின்றன. ஒன்று டிஷ். இன்னொன்று, கம்பத்தின் உச்சியில் மீன்முள்ளாகப் பல் விரித்த பழைய ஆன்டெனா. வீட்டுக்குள் ஒரு திருகு இருக்கிறது. திருப்பினால் மேலே ஆன்டெனா முனகிக்கொண்டு திசை மாறும். எனக்குச் சின்ன வயதில் கொடைக்கானலை நோக்கித் திருப்பிய ஆன்டெனா ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் திருகு கிடையாது, அண்ணன்தான் கூரையேறுவான். இரண்டு எதற்கு என்று நண்பரைக் கேட்டேன். ஃபுட்பால் பார்க்க டிஷ்ஷாம், சூறாவளி வந்தால் ஆன்டெனாவாம். கனமழையில் டிஷ் சிக்னல் அறுந்துபோகும், எச்சரிக்கை வேண்டிய நேரமும் அதுதான் என்றார்.

உள்ளூர் நிலையங்களைச் செயற்கைக்கோள் வழியாகத் தருவதா வேண்டாமா என்று அமெரிக்கா முப்பது வருடத்துக்கு மேல் சண்டை போட்டது. 1988இல் ஒரு சட்டம் போட்டார்கள். ஆன்டெனாவில் உள்ளூர் நிலையம் எடுக்காத வீடுகளுக்கு மட்டும் நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் போன்ற தூரத்து ஊர்களின் நிலையங்களை டிஷ்ஷில் காட்டலாம். எடுக்காத வீடு எது என்பதில்தான் வில்லங்கம். சந்தேகம் வந்தால் ஆள் வந்து அளப்பார். ஒற்றை மாடி என்றால் 20 அடி, அதற்கு மேல் என்றால் 30 அடி உயரத்தில் ஆன்டெனாவை நிறுத்தி, ஐந்து இடத்தில் அளவெடுத்து, உங்களுக்கு உள்ளூர் படம் தெரிகிறதா தெரியவில்லையா என்று தீர்ப்புச் சொல்வார். படம் புள்ளி புள்ளியாக இருக்கிறதே என்று வீட்டுக்காரர் சொன்னால் செல்லாது. அளவுமானி சொல்ல வேண்டும். 1998இல் மயாமி நீதிமன்றம், தூரத்து நிலையங்களை விற்ற பிரைம்டைம் 24 என்ற நிறுவனத்துக்குத் தடை போட, விதிக்குள் அடங்காத வீடுகளில் சேனல்கள் போயின. பொய் விலாசம் கொடுத்து நியூயார்க்வாசி ஆனவர்களும் உண்டு. ரேஷன் கார்டு பார்த்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

1999இல் வந்த சட்டம்தான் கதவைத் திறந்தது. அந்தந்த ஊர் நிலையத்தை அந்தந்த ஊருக்கே டிஷ்ஷில் தரலாம். ஆனால் ஒரு தொலைக்காட்சிச் சந்தையில் ஒரு நிலையத்தை ஏற்றினால், 2002 ஜனவரி 1 முதல், அங்கே கேட்கிற நிலையங்கள் அத்தனையையும் ஏற்ற வேண்டும். பணக்கார நிலையத்தை மட்டும் பொறுக்கிக்கொள்ள முடியாது. சட்டம் சொல்லிவிட்டது, வானத்தில் இடம்? நாடு முழுக்க விழும் ஒரே கற்றையில் ஓர் ஊர்ச் சேனலை ஏற்றினால் அது கோடிக்கணக்கான வீடுகளின் மேலும் விழுந்து வீணாகும். அதற்காக ஒரு சிறு வட்டாரத்தில் மட்டும் விழும் கற்றைகளோடு செயற்கைக்கோள் செய்தார்கள். டைரக்டிவி என்ற டிஷ் நிறுவனம் தன் 4எஸ் கோளை 2001 நவம்பரில் ஏவியது. ஒரே அலைவரிசையை டெக்சாஸில் ஒரு நிலையத்துக்கும் ஓஹையோவில் இன்னொன்றுக்கும் பயன்படுத்த முடிந்தது.

அப்படியும் சின்ன ஊர்கள் கடைசி வரிசைதான். நீல்சன் நிறுவனம் நாட்டை 210 தொலைக்காட்சிச் சந்தைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது; 210ஆவது இடம் மொன்டானாவின் கிளென்டைவ். தூரத்து நிலையங்களை விதி மீறிக் கொடுத்ததற்காக எக்கோஸ்டாரின் டிஷ் நெட்வொர்க் 2006 டிசம்பரில் அந்தச் சேவையையே நிறுத்த வேண்டியதாயிற்று. 2010இல் நாடாளுமன்றம் ஒரு பேரம் பேசியது: 210 சந்தைக்கும் உள்ளூர் நிலையம் கொடு, பழைய உரிமையைத் திருப்பித் தருகிறோம். கொடுத்தார்கள், கிளென்டைவ் உட்பட. தண்டனையைக் காட்டி வேலை வாங்குவது என்றால் இதுதான். டைரக்டிவி அதற்குப் பிறகும் பல வருடம் 12 சந்தைகளை விட்டே வைத்திருந்தது. அந்தப் பன்னிரண்டில் சான் ஏஞ்சலோவும் ஒன்று. எங்கள் நண்பரின் ஆன்டெனா பழைய மோகத்தில் நின்றதல்ல.

இதிலெல்லாம் எனக்குப் பிடித்த கேஸ் கொலராடோவின் லா பிளாட்டா மாவட்டம். டுராங்கோ நகரம் அங்கேதான். நீல்சன் கோடு போட்டதில் அந்த மாவட்டம் பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோவின் அல்புகெர்க்கி சந்தைக்குள் போய்விட்டது. சட்டப்படி டிஷ்ஷில் அவர்களுக்கு 'உள்ளூர்' என்றால் அல்புகெர்க்கி. கொலராடோவில் ஓட்டுப் போடுகிறவர்கள் பக்கத்து மாநில ஆளுநர் தேர்தல் விளம்பரத்தை ராத்திரி பகலாகப் பார்த்தார்கள். 2014 சட்டத்தில் டிஷ் சந்தை எல்லையைத் திருத்திக் கேட்க வழி வந்தது. மாவட்டம் மனுப் போட்டது, 2017இல் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. டென்வர் நிலையங்களை அவர்களுக்கும் உள்ளூர் என்று ஒப்புக்கொண்டது. பெருந்துறைக்காரர்கள் சென்னை மழையைப் பார்த்துக்கொண்டிருப்பது இவர்களுக்குப் புரியும். நமக்கு மனுப் போட ஓர் இடம்கூட இல்லை என்பதுதான் வித்தியாசம்.

நம் சட்டத்தில் கட்டாயம் என்பது தூர்தர்ஷனோடு முடிந்துவிடுகிறது. 1995 கேபிள் சட்டம் ஆனாலும் டிஷ்ஷுக்கான டி.டி.எச். உரிம விதிகள் ஆனாலும் தூர்தர்ஷனை ஏற்று என்கின்றன. உங்கள் ஊரை ஏற்று என்று யாரும் சொல்லவில்லை. உள்ளூர் சேனலுக்கு அரசாங்கக் காகிதத்தில் சேனல் என்ற பெயரே கிடையாது, 'பிளாட்ஃபார்ம் சர்வீஸ்' என்று போடுகிறார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2014இல் பரிந்துரை கொடுத்தது; ஒலிபரப்பு அமைச்சகம் 2022 நவம்பரில் பெரிய கேபிள் நிறுவனங்களுக்கு விதிகள் போட்டது. ஒரு சேனலுக்கு 1,000 ரூபாய் பதிவு, மொத்தக் கொள்ளளவில் 5 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. கேபிளில் இருப்பதை ஒழுங்குபடுத்தினார்களே தவிர, டிஷ் வீட்டுக்கு அது போய்ச்சேர வழி செய்யவில்லை.

டி.டி.எச். கம்பெனிகளை மட்டும் திட்டிப் பயனில்லை. தமிழ்நாட்டில் எத்தனை ஊருக்கு எத்தனை உள்ளூர் சேனல்! அத்தனையையும் நாடு தழுவிய கற்றையில் ஏற்று என்றால் எந்தக் கம்பெனியும் தாங்காது. ஆனால் எல்லா டிஷ்ஷிலும் கட்டாயமாக ஏறியிருக்கும் தமிழ்ச் சேனல் ஒன்று இருக்கிறதே, முன்பு பொதிகை, 2024 ஜனவரி முதல் டிடி தமிழ். அதில் மண்டலத்துக்கு அரை மணி ஒதுக்க யார் கையைப் பிடித்தார்கள்? ஈரோட்டுக்கு ஒரு நேரம், திருப்பூருக்கு ஒரு நேரம்: வாய்க்கால், மின்தடை, ஏலவிலை, நோய் எச்சரிக்கை. கோவை வானொலி பல காலமாக விவசாயிகளுக்கு இப்படிச் செய்துதானே வந்திருக்கிறது? மாலையும் போட்டோவுமாக மரண அறிவிப்பு அதில் வராது, ஒப்புக்கொள்கிறேன். பாதிப் பசியாவது அடங்கும்.

யூடியூபில் வருகிறதே, வாட்ஸ்அப்பில் வருகிறதே என்பீர்கள். வருகிறது. உள்ளூர் சேனல்காரர்களே யூடியூபுக்குப் போய்விட்டார்கள். அப்பாவுக்குப் போன் திரையில் எழுத்து தெரியாது, தவிர வாட்ஸ்அப் சங்கதிக்குப் பொறுப்பாளி இல்லை. மதகு திறந்தாச்சு என்று போன வருடத்து வீடியோவை யாரோ மறுபடி அனுப்புவார்கள். உள்ளூர் சேனல் நடத்துகிறவர் தப்பாகப் போட்டால் சாயங்காலம் டீக்கடையில் வைத்து நாலு வார்த்தை கேட்கலாம். இந்தப் பயத்துக்கு ஈடான தணிக்கைக் குழுவை நான் அமெரிக்காவிலும் பார்க்கவில்லை.

டிடி தமிழ் அரை மணி யோசனையை அப்பாவிடம் சொன்னேன். "அது வர்றப்ப வரட்டும் அம்மிணி" என்றார். அதற்குள் அவர் வேறு வேலை பார்த்திருக்கிறார். பக்கத்துச் சாளைக்காரர்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு கேபிள்காரரிடம் பேசியாயிற்று. கம்பி, பெருக்கிச் செலவு இவர்களுடையது; இழுத்துத் தருவது அவர் வேலை. வழியில் கருப்பராயன் கோயில் வேப்பமரத்தில் கட்டினால் இரண்டு கம்பம் மிச்சம். சாமி மரத்தில் ஆணி அடிப்பதா என்று ஒரு மாமா மல்லுக்கு நிற்கிறார். ஆணி வேண்டாம், கயிற்றில் கட்டலாம் என்று கேபிள்காரர் சொல்லியிருக்கிறார். பூசாரியைக் கேட்டுவிட்டுச் சொல்வதாக மாமா போயிருக்கிறார்.