கந்தளாய்க் குளக்கட்டிலே

திருகோணமலைக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தூரத்திலுள்ள கந்தளாய்க் குளம், குடும்பத்தோடு ஒரு பகற்பொழுதைக் கழிப்பதற்கு மிகவும் உகந்த இடமாகும். கட்டின்மீது நின்றால் ஒருபுறம் கண்ணுக்கெட்டிய தூரம் நீர். மறுபுறம் அந்நீரால் விளையும் வயல்கள். கட்டுச்சோற்றை அவிழ்ப்பதற்கு மரநிழலும் உண்டு.

கோணேசர் ஆலயத்துக்கு நெல் விளைவிக்கவே குளக்கோட்டு மன்னன் இதனைக் கட்டுவித்தான் என்பது கர்ணபரம்பரைக் கதை. அக்கதையைக் கேட்கும் பிள்ளைகள் இன்னொன்றையும் அறிதல் வேண்டும். 1986 ஏப்ரில் 20 அதிகாலையில் இக்கட்டு உடைந்தது. ஊர் உறங்கிய வேளையில் வெள்ளம் புகுந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பின்னரே கட்டு மீண்டும் அமைக்கப்பட்டது.

முன்னோர் கட்டிய குளத்தைப் பின்னோர் ஓயாது காத்தல் வேண்டும் என்னும் பாடம், அக்கட்டின்மீது நிற்கையிற் சிறுவர் மனத்திலும் எளிதிற் பதியும்.